ஸ்கின் விற்கலாம், சீட்டு விற்கக் கூடாது

சென்னைப் புறநகரான நூம்பலில் பள்ளி விட்டுத் திரும்பும் பையன்களின் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டால் போதும். டைமண்ட், யூசி, ஸ்கின், டாப்-அப் என்று நாலு சொற்கள் காதில் விழும். நாலும் காசு சம்பந்தப்பட்டவை: முதல் இரண்டும் விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் காசு, ஸ்கின் ஆயுதத்துக்கும் ஆளுக்கும் போடும் புதுத் தோற்றம், டாப்-அப் அந்தக் காசை ஏற்றுவது. அவர்கள் போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளான ஃப்ரீ ஃபயர் மேக்ஸும் பிஜிஎம்ஐயும் இலவசமாக இறங்குபவை. இலவசம் என்றுதானே சொன்னார்கள், அப்புறம் எதற்குக் காசு என்று பெற்றோர் கேட்கிறார்கள். காசே கேட்காவிட்டால் விளையாட்டை யார் நடத்துவது என்று நிறுவனம் கேட்கிறது. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான்.

நிறுவனத்தின் பக்கத்தை முதலில் நிறுத்துப் பார்க்கலாம். ஒரு பிஜிஎம்ஐ ஆட்டத்தில் 100 பேர் வரை ஒரே நேரத்தில் மோதுகிறார்கள். ஃப்ரீ ஃபயரில் 50 பேர். அதற்கு இரவும் பகலும் சர்வர் ஓட வேண்டும். ஹேக் போட்டு ஆடுபவர்களைப் பிடிக்க ஆள் வேண்டும். புது மேப், புது ஆயுதம் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை விலை வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இதை நடத்த முடியாது.

ஒரே விலைக்கு விற்று, உள்ளே எதுவும் கேட்காத விளையாட்டுகளும் இருக்கின்றன. நமக்கு நெருக்கமான உதாரணம் ‘வெண்பா’. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லி, புட்டு, பிரியாணி வழியாகச் சொல்லும் விளையாட்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் அதை 2023 ஜூலையில் வெளியிட்டது. மறு ஆண்டே சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. ஆனால் அது சில மணி நேரத்தில் முடிந்துவிடும் கதை. கணினியோ பிளேஸ்டேஷனோ வைத்திருப்பவர் முன்கூட்டியே முழு விலை கொடுத்து வாங்குவது. நூம்பலில் அப்பாவின் பழைய போனில் ஆடும் பையனுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. ஃப்ரீ ஃபயர் அவனுக்குத் திறந்தது. வசதியான அண்ணா நகர் பையனும் அவனும் ஒரே களத்தில் இறங்குகிறார்கள். வசதி உள்ளவர் வாங்கும் ஸ்கின்தான் வசதி இல்லாதவருக்கும் சர்வரை ஓட்டுகிறது. இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். உள்ளே காசு கேட்பதே தவறு என்ற வாதம் இந்த இடத்தில் தோற்கிறது.

அடுத்து, என்ன விற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிஜிஎம்ஐயில் எம்416 துப்பாக்கிக்குப் பனிக்கட்டி நிறத்தில் வரும் கிளேசியர் ஸ்கின் பையன்களிடையே பெரிய கௌரவம். போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் குண்டு ஒரே மாதிரிதான் பாயும். இது அலங்காரம், அலங்காரத்துக்கு விலை வைப்பதில் யாருக்கும் அநீதி இல்லை. ஃப்ரீ ஃபயரில் கதை வேறு. அங்கே பல துப்பாக்கி ஸ்கின்கள் சேதத்தையோ சுடும் வேகத்தையோ கூட்டித் தருகின்றன. அப்படியானால் காசு போட்டவனும் போடாதவனும் சமமாக நின்று ஆடவில்லை. போட்டி என்ற பெயரில் நடக்கும் ஒன்றில் வலிமையை விலைக்குத் தருவது, விளையாட்டின் முதல் விதியையே மீறுவது.

எப்படி விற்கிறார்கள் என்பது இன்னும் கவலை தருகிறது. ரூபாய் நேராகப் பொருளாக மாறுவதில்லை. முதலில் யூசியாக வேண்டும். ஆட ஆடப் பரிசுப் பொருள்கள் தரும் பிஜிஎம்ஐயின் மாதப் பாஸ் 360 யூசியாக இருந்த காலத்துக் கணக்கைப் பாருங்கள். யூசி விற்ற கட்டுகளில் 60 என்பதும், 300-உடன் 25 இலவசம் என்பதும் உண்டு. இந்த இரண்டில் பெரிய கட்டு ஒன்று வாங்கினால் 325; பாஸுக்கு 35 குறையும். கூடவே சின்னக் கட்டு ஒன்றும் வாங்கினால் 385. பாஸ் போக 25 மிஞ்சும். மிஞ்சிய 25 சும்மா கிடந்து உறுத்தும், அடுத்த டாப்-அப்புக்கு இழுக்கும். எவ்வளவு செலவானது என்று ரூபாயில் சொல்ல அந்தப் பையனால் முடியாது. விலையை மறைத்து விற்பதுதான் இது. இதை வணிக சாமர்த்தியம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது அதிர்ஷ்டப் பெட்டி. ஃப்ரீ ஃபயரில் லக் ராயல், பிஜிஎம்ஐயில் கிரேட். காசு கட்டிச் சுற்ற வேண்டும். கேட்ட ஸ்கின் வரலாம், உதவாத துண்டும் வரலாம். கிடைக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று எழுதிவிட்டால் போதும் என்கிறார்கள். தென் கொரியா 2024 மார்ச்சில் அதைக் கட்டாயமாக்கியது. நல்லதுதான், ஆனால் போதாது. வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை சுற்றியும் கிடைக்காமல் போகும் சாத்தியம் 36 சதவீதத்துக்கு மேல். பெரியவர்களுக்கே பிடிபடாத இந்தக் கணக்கு பன்னிரண்டு வயதுக்காரனுக்கு எப்படிப் பிடிபடும்? 2003-ல் லாட்டரிச் சீட்டை ஒழித்த மாநிலம் நம்முடையது. அன்று சீட்டு வாங்கியவருக்குப் பரிசு விழுந்தால் பணமாவது கையில் கிடைத்தது.

நம் சட்டங்கள் இதைப் பிடிப்பதில்லை. 2022-ல் தமிழ்நாடு இயற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம் ரம்மியால் குடும்பங்கள் அழிந்த வேதனையிலிருந்து வந்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுத்தது. இரண்டின் பார்வையும் ஆடுபவர் பணம் ஜெயிக்கப் பார்க்கிறாரா என்பதிலேயே நிற்கிறது. லக் ராயலில் பணம் ஜெயிக்கவே முடியாது. அதனாலேயே அது தப்பித்துவிடுகிறது. காசு திரும்பி வர வழியே இல்லாத ஒன்று, வழி இருக்கும் ஒன்றைவிடக் குற்றம் குறைந்தது என்று கொள்வது விசித்திரமான தர்க்கம். பெல்ஜியம் 2018-லேயே காசு கட்டித் திறக்கும் இத்தகைய பெட்டியைச் சூதாட்டம் என்று அறிவித்தது.

வாங்குபவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 நிரம்பாதவருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை. அப்படிச் செய்த ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903-ல் மொகோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கணக்கு அப்பாவுடையது, பின் நம்பர் போடப்பட்டது, ஆகவே அவர் சம்மதித்தார் என்று நிறுவனங்கள் வாதிடலாம். பின் நம்பரைப் பிள்ளையிடம் சொல்லி வைப்பது பெற்றோரின் அலட்சியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலட்சியத்தை எதிர்பார்த்தே பொத்தானை அமைப்பது வேறு குற்றம். ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் நிறுவனம் இப்படித் தவறுதலாக வாங்கவைத்ததற்காக 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. இங்கே பிஜிஎம்ஐ 2021-ல் வந்தபோது சிறுவர்களுக்கு வைத்த செலவு வரம்பு நாளொன்றுக்கு 7,000 ரூபாய். அடுக்குமாடி வாசலில் இரவுக் காவல் இருக்கும் ஒருவரின் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கை அவர் மகன் ஒரே நாளில், வரம்பை மீறாமலே, கரைத்துவிடலாம். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: அலங்காரப் பொருளையும் பாஸையும் ரூபாயில் விலை எழுதி விற்கலாம், அதைத் தடுக்கக் கேட்பவர்களோடு நான் இல்லை. போட்டியில் வலிமை தரும் ஸ்கின், தரவரிசை ஆட்டத்துக்குள் வரக் கூடாது. அதிர்ஷ்டப் பெட்டியை 18 வயதுக்குட்பட்டவருக்கு எந்த வடிவிலும் விற்கக் கூடாது.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விலையிலும் வடிவமைப்பிலும் நுகர்வோரை ஏமாற்றும் உத்திகளுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் ஒரு செஸ் செயலி உதாரணமாகவே இருக்கிறது: இலவசம் என்று விளம்பரம் செய்துவிட்டு, ஏழு நாள் கழித்துக் காசு கேட்கும் செயலி. அதன் பக்கத்தில் யூசி கட்டையும் லக் ராயலையும் சேர்க்க ஒரு திருத்தம் போதும். அதுவரை, பிள்ளையின் கையால் போன காசைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.