புப்பூசாவும் தீப்பந்தும்

எல் சால்வடோரில் விமானத்தை விட்டு இறங்கியதும் நேரே ஓட்டலுக்குப் போய்விடாதீர்கள். தலைநகர் சான் சால்வடோருக்குப் போகும் வழியில் ஒலோகுயில்தா என்றொரு ஊர் வரும். நான் கேட்காமலேயே டாக்சிக்காரர் அங்கே வண்டியை ஓரங்கட்டினார். அந்தப் புண்ணியவானை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

வரிசையாகப் புப்பூசாக் கடைகள். மாவை உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, பூரணம் வைத்து மூடி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பட்பட்டென்று தட்டி, காய்ந்த கல்லில் போடுகிறார்கள் பெண்கள். ஒரு கடைக்குள் அத்தனை கைகளும் சேர்ந்து தட்டும் அந்தச் சத்தம் இருக்கிறதே, பசி இல்லாதவனுக்கும் பசியெடுக்கும்! நாடெங்கும் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவில் செய்வார்கள். ஒலோகுயில்தா அரிசிமாவுப் புப்பூசாவுக்குப் பேர்போனது. ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு, பிட்டால் பாலாடைக்கட்டி நூலாக இழுபடுகிறது.

பூரணத்தில் பன்றி இறைச்சி, பீன்ஸ், பாலாடைக்கட்டி மூன்றும் கலந்தது ‘ரெவுவெல்த்தா’. அதையும் மிஞ்சியது லொரோகோ. அது ஒரு கொடியின் பூமொட்டு. பாலாடைக்கட்டியோடு சேர்ந்து வெந்ததும் அதிலிருந்து எழும் பச்சை வாசத்துக்கு வேறெந்தப் பூவையும் என்னால் உவமை சொல்ல முடியவில்லை. மேலே குர்த்தீதோ, அதாவது காடியில் புளித்த முட்டைக்கோஸ், ஒரு கரண்டி தக்காளிச் சாறு. முள்கரண்டி கிடையாது, கையால் பிட்டுத்தான் சாப்பிட வேண்டும். நான் நான்கு சாப்பிட்டேன். 2005-இல் நாடாளுமன்றமே இதைத் தேசிய உணவாக அறிவித்து, நவம்பர் இரண்டாம் ஞாயிறைப் புப்பூசா நாளாக்கியது. நியாயமான சட்டம்!

வார இறுதி என்றால் மலைப்பக்கம் ஹுவாயூவாவுக்குப் போங்கள். சனி, ஞாயிறுகளில் ஊர் நடுவே உணவுத் திருவிழா. புகையும் கரி அடுப்புகளும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். பொரித்த மரவள்ளிக்கிழங்கை விட்டுவிடாதீர்கள். நாட்டின் தேசிய மலரான இசோத்தேயை முட்டையோடு வதக்கித் தருவார்கள். லேசான கசப்பு, அருமையான கசப்பு.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது நெஹாப்பா. ஆகஸ்ட் 31 இரவு, தலைநகருக்கு வடக்கே உள்ள அந்தச் சின்ன ஊரில் இளைஞர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நெருப்புப் பந்துகளை ஒருவர்மேல் ஒருவர் எறிகிறார்கள். துணியைக் கம்பியால் இறுகக் கட்டி மண்ணெண்ணெயில் ஊறவைத்த பந்துகள். முகத்தில் மண்டையோட்டுச் சாயம், கையில் நனைத்த கையுறை. 1658-இல் எரிமலை வெடித்து, மக்கள் பழைய ஊரை விட்டு ஓடிவந்ததன் நினைவு இது என்கிறார்கள். புனித ஹெரோனிமோ சாத்தானோடு தீப்பந்தால் சண்டை போட்ட கதை என்பாரும் உண்டு. எது சரியானால் என்ன? தலைக்கு மேலே ஒரு நெருப்புக்கோளம் வீறிட்டுப் போகும்போது கூட்டம் மொத்தமும் ஒரே உடம்பாகக் குனிந்து, ஒரே தொண்டையாகக் கத்துகிறது. நானும் தமிழில் கத்தினேன்.

இரவு வாழ்க்கைக்கு எல் துங்கோ கடற்கரை. கறுப்பு மணல், பகலெல்லாம் அலைச்சறுக்கு, வார இறுதி இரவுகளில் அலையோசையோடு போட்டி போடும் பாட்டு. குளிர்ந்த பில்செனர் பீரும் எலுமிச்சையும் மேசைக்கு மேசை. குடிக்காதவர்கள் சாந்தா தெக்லாவின் பசேயோ எல் கார்மென் தெருவில் இசை கேட்டுக்கொண்டே நடக்கலாம். எனக்குப் பிடித்தது துங்கோதான்.

2001 முதல் எல் சால்வடோரில் அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில் இருக்கிறது. சின்ன நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கே டிக்கெட் போடுங்கள். நெஹாப்பாவுக்குப் பருத்திச் சட்டை போட்டுப் போங்கள், நைலான் வேண்டாம்.