பலியும் மீட்பும்: விவிலியக் குறியீடுகளைச் சுவைத்துப் படிப்பது எப்படி

விவிலியத்தில் இரத்தம் மிகுதி. முதல் நூலில் ஆபேல் தன் மந்தையின் தலையீற்றுக் குட்டிகளைக் கடவுளுக்குப் படைப்பது முதல், கடைசி நூலில் கொல்லப்பட்ட தழும்போடு ஓர் ஆட்டுக்குட்டி அரியணையின் நடுவே நிற்பது வரை, பலி என்னும் செயல் வெவ்வேறு உருவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இக்கால வாசகர் பலர், குறிப்பாக நகரத்தில் வளர்ந்தவர்கள், இப்பகுதிகளைக் கூச்சத்தோடு தாண்டி மலைப்பொழிவுக்கும் உவமைகளுக்கும் விரைந்துவிடுகின்றனர். அப்படித் தாண்டியவருக்குப் பாடுகளின் வரலாறு, அதாவது இயேசு கைதாகிச் சிலுவையில் இறக்கும் வரையிலான நற்செய்திப் பகுதி, வெறும் துயரக் கதையாகச் சுருங்கிவிடுகிறது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போய்க் கிடா வெட்டைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தத் தடை இல்லை. நேர்த்திக்கடனுக்கும் இரத்தத்துக்கும் பந்திக்கும் உள்ள உறவை அவர் கண்ணால் கண்டவர்; விவிலியத்தைத் திறக்கும்போது அந்த அறிவை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை.

பந்தியிலிருந்து தொடங்குவதே நல்லது. லேவியர் நூல், பழைய மொழிபெயர்ப்பின்படி லேவியராகமம், பலிகளைப் பல வகையாகப் பிரிக்கிறது: முழுவதும் நெருப்புக்கே செல்வது எரிபலி, மாவும் எண்ணெயும் படைப்பது உணவுப் படையல், பாவத்துக்காகவும் குற்றத்துக்காகவும் செலுத்துபவை தனித்தனி. இவற்றுள் நல்லுறவுப் பலி அல்லது சமாதான பலி எனப்படுவதில் கொழுப்பு கடவுளுக்கென எரிக்கப்படும், மார்பும் வலத் தொடையும் குருக்களுக்குச் செல்லும், எஞ்சிய இறைச்சியைப் படைத்தவரும் அவரைச் சேர்ந்தவர்களும் உண்பார்கள். நன்றிக்காகச் செலுத்தியதாயின் அதை அன்றே உண்டு முடிக்க வேண்டும், விடியும்வரை மிச்சம் வைத்தல் கூடாது. சமைத்த கறியை அங்கேயே பந்தி வைத்துத் தீர்த்துவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்னும் கட்டுப்பாடு மதுரை வட்டாரக் கோயில்கள் சிலவற்றிலும் உண்டு. ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் ஒரு குடும்பம் தனியே உண்டு தீர்க்க இயலாது. ஆகவே இப்படிப்பட்ட விதி, பலி கொடுத்தவரை ஆள் அழைக்க வைக்கிறது. பலி என்றதும் கத்தியை மட்டும் நினைப்பவருக்கு விவிலியத்தின் பாதிப் பொருள் பிடிபடாது.

அடுத்து வேண்டியது ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நூல் நூலாக அதைத் தொடரும் பழக்கம். விடுதலைப் பயணம் அல்லது யாத்திராகமம் என்னும் நூலின் 12-ஆம் அதிகாரம் இதற்குத் தக்க இடம். எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரயேலர் விடுதலையாகும் இரவை அது சொல்கிறது. அந்த இரவின் நினைவு விழாவே பாஸ்கா. ஒவ்வொரு வீட்டாரும் ஓராண்டு நிறைந்த, ஊனமற்ற, கிடாய்க் குட்டி ஒன்றை மாதத்தின் 10-ஆம் நாள் தேர்ந்தெடுத்து 14-ஆம் நாள் வரை வைத்துப் பேண வேண்டும். நேர்ந்துவிட்ட கிடாவுக்குத் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நான்கு நாள்களின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. பின்னர் ஈசோப்பு என்னும் சிறு செடியின் கொத்தை இரத்தத்தில் தோய்த்து நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் பூச வேண்டும். இறைச்சியை நெருப்பில் வாட்டி, புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும், இடையைக் கட்டிக்கொண்டு, கையில் கோலோடு விரைந்து உண்ண வேண்டும். ஆட்டின் எலும்பு எதையும் முறிக்கக் கூடாது.

இவற்றுள் ஈசோப்பையும் எலும்பையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு யோவான் நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்துக்கு வந்தால், பலமுறை படித்த பக்கமே புதிதாகத் தெரியும். சிலுவையில் தொங்கும் இயேசுவுக்குப் புளித்த இரசத்தில் தோய்த்த கடற்பஞ்சை நீட்டுகிறார்கள். மாற்கும் மத்தேயுவும் அது ஒரு கோலில் நீட்டப்பட்டதாக எழுத, யோவான் ஒருவர்தான் ஈசோப்பு என்கிறார். மெல்லிய தண்டுள்ள அந்தச் செடி பஞ்சின் எடையைத் தாங்குமா என்று உரையாசிரியர்கள் நெடுங்காலம் விவாதித்திருக்கின்றனர். ஆனால் எகிப்தில் இரத்தம் பூசிய அந்தக் கொத்தை வாசகர் இங்கே காண வேண்டும் என்பதே ஆசிரியரின் விருப்பம் என்று கொள்வதே பொருத்தம். சற்றுப் பின்னர் உடன் அறையப்பட்ட இருவரின் கால்களையும் முறிக்கும் வீரர்கள் இயேசுவின் கால்களை முறிக்காமல் விடுகின்றனர், யோவானும் மறைநூல் வாக்கு அப்போது நிறைவேறியதாகக் குறிக்கிறார். காலக் கணக்கும் இதனோடு இசைகிறது. மற்ற மூன்று நற்செய்தியாளரும் இறுதி இரா உணவைப் பாஸ்கா விருந்தாகவே காட்ட, யோவானில் அந்த விருந்துக்கு முந்திய ஆயத்த நாளில், கோயிலில் பாஸ்கா ஆடுகளை அடிக்கும் பிற்பகலை ஒட்டி, இயேசு இறக்கிறார். இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக்க முயல்வதைவிட, ஒன்றில் அவர் பந்தியை நடத்துபவராகவும் மற்றொன்றில் பந்தியின் ஆடாகவும் நிற்பதை அப்படியே ஏற்றுச் சுவைப்பது மேல்.

இந்தத் தொடர்பைக் காதால் கேட்க விரும்புவோர், பெரிய வியாழன் மாலையில் கீழவெளி வீதியிலுள்ள தூய மரியன்னை பேராலயத்துக்கோ வேறு எந்தக் கத்தோலிக்க ஆலயத்துக்கோ சென்றால், முதல் வாசகமாக இதே 12-ஆம் அதிகாரம் படிக்கப்படுவதைக் கேட்கலாம். மறுநாள் பெரிய வெள்ளியன்று, துணிகள் நீக்கப்பட்டு வெறுமையாக நிற்கும் பீடத்தின் முன், அடிக்கக் கொண்டுபோகும் ஆட்டுக்குட்டியைப் போல் வாய் திறவாத துன்புறும் ஊழியரைப் பற்றிய எசாயாவின் பாடலும், அதன்பின் யோவானின் பாடுகளும் வரும். நரிமேட்டுக் கதீட்ரல் போன்ற தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் அன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை, சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கும் மும்மணி ஆராதனை நடைபெறும்.

ஆபிரகாமின் கதையில், தொடக்க நூல் 22-இல், ஒரே ஒரு கேள்வியைக் கவனித்தால் போதும். தன்னைப் பலியிடுவதற்கான விறகைத் தானே சுமந்து மலையேறும் ஈசாக்கு, நெருப்பும் விறகும் இருக்கின்றன, ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிறான். கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது தந்தையின் விடை. கடைசியில் முட்புதரில் கொம்பு மாட்டிக்கொண்டு நிற்பதோ குட்டியன்று, வளர்ந்த ஆட்டுக்கிடா. பிள்ளை பிழைத்தான், கேள்வி மட்டும் திறந்தே நிற்கிறது. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் திருமுழுக்கு யோவான் இயேசுவைச் சுட்டிக்காட்டிக் கடவுளின் ஆட்டுக்குட்டி என்று அழைக்கும்போது, கிறிஸ்தவ வாசகரின் செவியில் அந்தப் பழைய கேள்விக்கான பதிலும் சேர்ந்து ஒலிக்கிறது. மனிதர் கடவுளுக்குக் கொடுப்பதாகத் தொடங்கிய பலி, கடவுளே மனிதருக்குக் கொடுப்பதாகத் திசை மாறும் திருப்பம் இதுதான்.

மீட்பு என்னும் குறியீடு வேறு நிலத்தில் வேர் விட்டது. வறுமையால் ஒருவன் விற்ற காணியை நெருங்கிய உறவினன் பணம் கொடுத்துத் திருப்ப வேண்டும் என்பது லேவியர் 25-ஆம் அதிகாரத்தின் சட்டம். கடனுக்கு அடிமையாகத் தன்னையே விற்றுக்கொண்டவனையும் அவ்வாறே உறவினர் திருப்பலாம். ரூத்து நூலில் போவாசு, நகர வாயிலில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் நிலத்தையும் கைம்பெண்ணின் வாழ்வையும் ஏற்பது இந்த உரிமையின் பேரில்தான். ஆகவே மீட்பர் என்ற பெயரில் வள்ளலைவிட, நம் காரியம் தன் காரியம் என்று முன்வரும் பங்காளியின் முகமே முதலில் தெரிய வேண்டும். இயேசு தம் உயிரைப் பலருக்கு ஈடாகக் கொடுக்க வந்ததாக மாற்கு எழுதும்போது அந்த ஈடு யாரிடம் செலுத்தப்பட்டது என்று சொல்லவில்லை. அலகையிடம் என்றார் 4-ஆம் நூற்றாண்டின் நிசா நகர் கிரகோரி. அதே காலத்து நசியான்சு கிரகோரி அதனைக் கடுமையாக மறுத்தார். 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் கடவுளின் மாண்புக்குச் செய்த ஈடுகட்டல் என்று விளக்கினார். குறியீட்டைக் கணக்குப் புத்தகமாக்கினால் எங்காவது இடிக்கும் என்பதற்கு இந்த நீண்ட வழக்கே சான்று.

மண்ணில் விழுந்த இரத்தம் பேசும் என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் ஓர் ஊராகவே நிற்கிறது. 1606-இல் இராபர்ட் தெ நோபிலியின் வருகையால் புது வடிவம் பெற்ற மதுரை மறைப்பணித்தளத்தில், தமிழ்த் துறவியின் கோலத்தில் உழைத்த போர்த்துகீசியர் ஜான் தெ பிரிட்டோ, மக்கள் வழங்கிய பெயரில் அருளானந்தர், சேதுபதியின் ஆட்சிக் காலத்தில் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அங்குள்ள செம்மணல் அவருடைய குருதியால் சிவந்தது என்று நம்பும் மக்கள், சாதி மத வேறுபாடின்றி, அதை அள்ளிச் செல்கின்றனர், முடி இறக்குகின்றனர், நேர்ந்த கிடாவை அங்கேயே சமைத்து வந்தவர்களுக்குப் பரிமாறுகின்றனர். ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கடவுளை நோக்கிக் கூக்குரலிட்டதாகத் தொடக்க நூல் கூறும். இயேசுவின் இரத்தம் அதனினும் சிறந்ததைப் பேசுவதாக எபிரேயர் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரம் கூறும். முன்னது நீதி கேட்பது, பின்னது மன்னிப்புக் கூறுவது என்பதே வழிவழி வந்த விளக்கம். கொல்லப்பட்டவரின் மண்ணில் பழிக்குப் பதில் பந்தி நடக்கும் ஓரியூரில் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

சமவெளி வாசகர் மிகக் கூர்ந்து படிக்க வேண்டியது லேவியர் 16-ஆம் அதிகாரம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பாவக்கழுவாய் நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கிடாய்கள் நிறுத்தப்பட்டுச் சீட்டுப் போடப்படும். ஒன்றைக் கொன்று, அதன் இரத்தத்தோடு தலைமைக் குரு திரைக்குப் பின்னுள்ள தூயகத்துக்குள் நுழைவார். மற்றொன்றின் தலைமேல் இரு கைகளையும் வைத்து, மக்களின் குற்றங்களை அறிக்கையிட்டு, அதை உயிரோடு பாலைநிலத்துக்கு விரட்டிவிடுவார்கள். பழைய தமிழ் வேதாகமம் இதைப் போக்காடு என்கிறது. ஓர் ஆடு உள்ளே செல்லும் வழியைத் திறக்கிறது, மற்றொன்று வெளியே தள்ளப்படுகிறது. பாடுகளின் வரலாறு இவ்விரண்டு திசைகளையும் ஒருவரிடமே சேர்க்கிறது. இயேசு இறந்ததும் கோயில் திரை மேலிருந்து கீழாகக் கிழிந்ததாக மாற்கு எழுதுகிறார். அவர் நகர வாயிலுக்கு வெளியே பாடுபட்டதாகவும், ஆகவே அவருடைய இகழ்ச்சியில் பங்குபெற்று வெளியே அவரிடம் போவோம் என்றும் எபிரேயர் 13-ஆம் அதிகாரம் அழைக்கிறது. காவல் தெய்வம் ஊர் எல்லையில் நிற்கும், பலியும் எல்லையிலேயே விழும் என்று அறிந்த வட்டாரத்தில் இந்த இடக்குறிப்பு உடனே பொருள் தரும். ஆனால் ஊருக்கு வெளியே மனிதர்களையும் குடிவைத்த வட்டாரம் இது. சேரியில் வாழ்ந்தவர்கள் அதே வசனத்தைப் படிக்கும்போது, கடவுள் தங்கள் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் கேட்டார்கள்.

இந்தக் கேட்டலுக்கு இசையும் வழிபாடும் தந்தவர்களுள் முதன்மையானவர், 1969-இல் அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்று அழைக்கப்பட்ட அவர் 2005-இல் மறைந்தார். ஓர் உலையில் பொங்கி ஒன்றாக உண்பவர்களே ஒரு குடும்பம் என்னும் நாட்டுப்புற உணர்விலிருந்து அவர் நற்கருணையை, அதாவது இயேசுவின் இறுதி உணவை நினைவுகூரும் அப்பம் பிட்கும் சடங்கை, விளக்கினார். பலியின் பெயரால் எளியவர்களையே எப்போதும் பொறுத்துப்போகச் சொல்லும் பிரசங்கத்துக்கு இது நேர் மறுப்பு. ஆமோசும் மீக்காவும் நீதியில்லாத பலியைக் கடவுள் வெறுப்பதாகச் சொன்னதன் தொடர்ச்சி இது. கிறிஸ்துவின் பலி ஒரே தடவையில் நிறைவுற்றது என்று எபிரேயர் திருமுகம் வலியுறுத்துவதை மெய்யாக எடுத்துக்கொண்டால், அதன்பின் எவரையும் பலியாக்க எவருக்கும் உரிமையில்லை. தனிக் கல்லறையும் தனி வரிசையும் இன்னும் ஒழியாத தமிழகத் திருச்சபைகளுக்கு இந்த வாசிப்பு மிகத் தேவையானது.

பெரிய வியாழன் வழிபாட்டின் இரண்டாம் வாசகம், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் 23-ஆம் வசனத்திலிருந்து தொடங்குகிறது; இறுதி இரா உணவைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்து அதுதான். அன்று வீடு திரும்பியதும் அதற்கு முந்திய ஆறு வசனங்களையும் வாசகர் தாமே எடுத்துப் படிக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறிக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்ற ஒரு பந்தியைக் கண்டித்தே பவுல் அந்த உணவின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார்.