உடன்பொறுப்பாளர் பிணக்கும் ஒரு பழந்தீர்ப்பும்

உயில் எழுதுவோர் பலர், ஒருவரையே நம்பாமல் இருவரை நிறைவேற்றுவோராக நியமிக்கின்றனர். மனைவியும் மைத்துனரும், மூத்த மகனும் இளைய மகளும் என இணைகள் அமையும். ஒருவர் தவறினால் மற்றவர் தடுப்பார் என்பது எழுதியவரின் கருத்து. அத்தடுப்பே பூட்டாகிவிடுவதும் உண்டு. குடும்பச் சொத்தின் பொறுப்பாளர் பலராயின் அனைவரும் ஒருமித்தே செயலாற்றல் வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டமரபு; உயிலில் வேறுவிதி இல்லையேல் பெரும்பான்மை அங்கே செல்லாது. ஒருவர் கையொப்பமிட மறுத்தால் வீடும் விலைபோகாது, பங்கும் பிரியாது.

மற்றவரை நீக்குக என்று ஒருவர் நீதிமன்றம் ஏறும்போது வழக்கறிஞர் எடுத்துக் காட்டுவது 1884ஆம் ஆண்டின் பிரிவி கவுன்சில் தீர்ப்பாகும். லெட்டர்ஸ்டெட் என்னும் சுவீடன் நாட்டு வணிகர் தென்னாப்பிரிக்காவின் கேப் நாட்டில் பெரும்பொருள் ஈட்டி, 1862இல் மறைந்தார். அவர் சொத்தைக் கேப் டவுனிலிருந்த ஒரு நிறுவனம் பொறுப்பேற்று நடத்தியது. அதன் நிருவாகத்தைக் குறைகூறி, அதனை நீக்குமாறு அவர் மகள் வழக்கிட்டார். கேப் நீதிமன்றம் அவர் வேண்டுகோளை ஏற்கவில்லை. பிரிவி கவுன்சில் ஏற்றது.

தீர்ப்பெழுதிய பிளாக்பர்ன் பிரபுவின் கருத்து தெளிவானது. நீக்கும் அதிகாரம், சொத்து முறைப்படி நிருவகிக்கப்படுவதைக் காக்கும் கடமைக்குத் துணையாக வந்ததே. பயன்பெறுவோர் நலமே வழிகாட்டி. பொறுப்பாளரின் ஒவ்வொரு பிழையும் நீக்கத்திற்குக் காரணமாகாது. வெறும் மனக்கசப்பும் போதாது. ஆயினும் அக்கசப்பு நிருவாகம் நடந்த முறையிலிருந்தே பிறந்ததாயின் அதனைப் புறக்கணித்தலும் ஆகாது. இதற்குமேல் திட்டமான விதி வகுக்க அவர் மறுத்தார். மறுத்தது நன்றே. குடும்ப வழக்குகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை.

ஆனால் ஒரு குறையைச் சுட்டாமல் இருத்தற்கில்லை. அவர்முன் வந்தது பயன்பெறுபவருக்கும் பொறுப்பாளருக்கும் இடையே எழுந்த பிணக்கு. யாரை நீக்குவது என்ற வினாவே அங்கு எழவில்லை. உடன்பொறுப்பாளர் இருவர் முரணும்போது அதுவே முதல் வினா. மேலும் இத்தகைய நிலையில் பொறுப்பாளர் தம் வழக்கறிஞரின் அறிவுரைப்படி தாமே விலகிவிடுவதே வழக்கம் என்றும், நியாயமான காரணமின்றி மறுப்பவரை நீக்கலாம் என்றும் தீர்ப்பு சொல்கிறது. தனிப்பொறுப்பாளருக்கு இது பொருந்தும். இருவர் இருக்குமிடத்தில் என்னாகும்? மானமுள்ளவர் விலகுவார்; வம்பர் நிலைப்பார்; சொத்து வம்பர் கைக்குப் போகும். கணவனை இழந்த பெண்ணொருத்தி சண்டைக்கு அஞ்சி ஒதுங்கினால், சண்டையை மூட்டியவரே பயனடைவார் அன்றோ?

பின்வந்த நீதிமன்றங்கள் இவ்விடைவெளியை ஓரளவே நிரப்பின. கனடாவின் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், இறந்தவர் தேர்ந்த ஆளை எளிதில் மாற்றலாகாது, தேவை தெளிவாகப் புலப்படல் வேண்டும் என்று 1961இல் கூறியது. பழைய தவற்றுக்குத் தண்டனையாக நீக்கம் அமையலாகாது. வருங்காலத்தில் சொத்தையும் பயன்பெறுவோரையும் காப்பதே அதன் நோக்கம் என்று 2008இல் அம்மாநிலத் தீர்ப்பொன்று வலியுறுத்தியது. மலேசியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவோ, ‘போதிய காரணம்’ இருப்பின் உயிலை நிறைவேற்ற அளித்த ஆணையை நீக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எது போதியது என்பதை நீதிபதியே காண வேண்டும்.

அங்ஙனம் காண்பவர் இருவரின் வசைமொழிகளை எடைபோடுவதில் பயனில்லை. சத்தியக் கடிதங்களில் இரு தரப்பாரும் உத்தமரே. எந்தக் காசோலை, யார் கையொப்பமின்றி, எத்தனை மாதம் கிடந்தது. கணக்கைக் கேட்டவர் யார், மறைத்தவர் யார் என்று ஆராய்ந்தால் முட்டுக்கட்டை யாரென்பது பெரும்பாலும் விளங்கும். அப்போதும் விளங்காவிடின் இருவரையும் விலக்கி நடுவர் ஒருவரை அமர்த்தலாம். அவர் ஊதியமும் அந்தச் சொத்திலிருந்தே போகும்.