சவ்வில்லாத அறைகள்: உருவகமும் நிரூபணமும்

பள்ளிப் பாடநூலில் செல் ஒரு தொழிற்சாலையாகத்தான் நமக்கு அறிமுகமாகிறது. உட்கரு நிர்வாக அலுவலகம், மைட்டோகாண்ட்ரியா மின்நிலையம், ஒவ்வொன்றையும் சுற்றிச் சவ்வு என்கிற காம்பவுண்டுச் சுவர். நிர்வாகியும் சுவரும் இல்லாமல் ஒழுங்கு சாத்தியமில்லை என்கிற கருத்தியலை இந்தப் படம் சத்தமில்லாமல் பிள்ளைகளின் தலைக்குள் இறக்கிவைக்கிறது. ஆனால் சவ்வே இல்லாத அறைகளும் செல்லுக்குள் உண்டு. உட்கருவுக்குள் கிடக்கும் நியூக்ளியோலஸை 1830களிலேயே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். செல்லின் உட்பொருள் வெவ்வேறு வேதித்தன்மை கொண்ட துளிகளின் கலவை என்று அமெரிக்க உயிரியலாளர் ஈ.பி.வில்சன் 1899இல் எழுதினார். இருந்தும் பாடநூலில் சுவர்தான் நின்றது.

2009இல் நிலைமை மாறியது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கிளிஃபோர்ட் பிராங்வின், ஆந்தனி ஹைமன் குழுவினர் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவொன்றின் கருவை ஆராய்ந்தார்கள். அதிலிருந்த ‘பி’ மணிகள் பேருக்குத்தான் மணிகள், நடத்தையில் திரவத் துளிகள் என்று காட்டினார்கள். மோதினால் ஒன்றாகின்றன, உட்கருவின் மேல் வழிந்து சொட்டுகின்றன, கருவின் ஒரு முனையில் கரைந்து மறுமுனையில் திரள்கின்றன. ரசத்தின் மேல் எண்ணெய் தனியே நிற்பதுபோல, திரவத்துக்குள் இன்னொரு திரவம் பிரிந்து நிற்கிறது என்பதாக ஒரு புதிய கதையாடல் தொடங்கியது.

சரி, இதை எப்படி நிரூபிக்கிறார்கள்? எனக்கு அக்கறை இங்கேதான். புரதத்தோடு ஒளிரும் மூலக்கூறொன்றை ஒட்டிவிடுகிறார்கள். துளியின் ஒரு பகுதியை லேசரால் ஒளியிழக்கச் செய்து, வெளிச்சம் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று அளக்கிறார்கள். பிறகு ஹெக்ஸேன்டையால் என்கிற ஆல்கஹாலை விட்டு, கரைகிறதா என்று பார்க்கிறார்கள். உருண்டையா இருக்கா, இணையுதா, வெளிச்சம் திரும்புதா, கரையுதா? நாலுக்கும் ஆமாம் என்றால் துளி. பல ஆய்வுகள் இதோடு நின்றுவிட்டன.

அறிகுறிகளை வைத்துச் சாராம்சத்தை அறிவிக்கும் இந்த வாசிப்பை விஞ்ஞானிகளே கேள்விக்குட்படுத்தினார்கள். பெர்க்லியில் ராபர்ட் டிஜியான், சேவியர் டார்சாக் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஹெர்பிஸ் வைரஸ் தொற்றிய செல்லின் உட்கருவில் வைரஸ் பெருகும் திட்டுகளுக்குத் துளியின் லட்சணங்கள் பலவும் பொருந்தின. ஆனால் தனித்தனி மூலக்கூறுகளின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்தபோது கதை வேறாக இருந்தது. மூடாமல் கிடக்கும் வைரஸ் டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப ஒட்டுவதால்தான் பாலிமரேஸ் நொதி அங்கே குவிகிறது; அதற்குத் திரவப் பிரிவு தேவைப்படவில்லை. ஹெக்ஸேன்டையால் செல்லின் முக்கிய நொதிகள் சிலவற்றையே முடக்குகிறது என்பதும் 2021இல் தெரியவந்தது. சாட்சியே கலப்படம்.

ஆகவே துளிகளே பொய் என்று சொல்லிவிட முடியாது. தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோயோடு தொடர்புள்ள எஃப்.யு.எஸ். புரதத்தின் துளிகள் நாளாவட்டத்தில் இறுகி நாராகின்றன, நோய்க்குரிய பிறழ்வு இருந்தால் இன்னும் வேகமாக இறுகுகின்றன என்று 2015இல் சோதனைக்குழாயில் காட்டினார்கள். நோயாளிகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. கூடவே மூலதனமும் வந்தது. ஹைமன் 2018இல் டியூபாயின்ட் என்ற மருந்துக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2023க்கான பிரேக்த்ரூ பரிசு, 30 லட்சம் டாலர், பிராங்வினுக்கும் அவருக்கும் போனது. ஒரு உருவகம் சந்தைக்குப் போன பிறகு அதைச் சந்தேகிப்பது இன்னும் கஷ்டம், இன்னும் அவசியம்.

நம் பக்கம் வருவோம். ‘சவ்வு இல்லை, எல்லை கரைந்தது, மையம் சிதறியது’ என்று இந்தத் துளிகளைக் கையிலெடுக்க நம் நண்பர்களுக்கு அரை நிமிஷம் போதும். 1996இல் இயற்பியலாளர் ஆலன் சோக்கல் போலிக் கட்டுரையொன்றை ‘சோஷியல் டெக்ஸ்ட்’ இதழில் அச்சேற்றிச் சிரித்தது இந்த அவசரத்தைத்தான். இடதுசாரி மரபுக்கும் இதில் பங்குண்டு. உயிரின் தோற்றத்தைக் கோஅசர்வேட் துளிகளில் தேடிய அதே ஓபாரின், லைசென்கோவுக்குத் துணைநின்றார். இயற்கை நம் தத்துவத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்ற ஆசைக்கு அன்று மரபியலாளர்கள் பலியானார்கள்.

சவ்வு இல்லை என்றால் எல்லை இல்லை என்று அர்த்தமில்லை. துளிக்குப் பரப்பு இழுவிசை உண்டு, உள்ளும் புறமும் உண்டு. எந்த மூலக்கூறு நுழையும், எது வெளியே நிற்கும் என்ற தேர்வும் உண்டு. சுவரே இல்லாமல் ஊரையும் சேரியையும் பிரித்துவைக்கும் சாதியை இதோடு ஒப்பிடக் கை துறுதுறுக்கலாம். அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். துளியின் விளிம்பில் காவலுக்கு யாரும் இல்லை. அங்கே நடப்பது ஆற்றல் கணக்கு. சாதியின் விளிம்பில் அரிவாளோடு ஆட்கள் நிற்கிறார்கள். ‘தானாகவே பிரிந்து நிற்கிறது’ என்ற வாக்கியம் எண்ணெய்க்குப் பொருந்தும். மனிதர்களைப் பற்றிச் சொல்லப்படும்போது அது கொலைக்கு வக்காலத்து.