பார்த்தெழுதிக் கற்கும் வலைப்பக்க வடிவமைப்பு

வலைப்பக்கம் ஒன்று உலாவியில் எவ்வாறு தோன்ற வேண்டும், பயனர் தொட்டால் எவ்வாறு இயங்க வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் பணி முன்முனை நிரலாக்கம் எனப்படுகிறது. பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது படம் என உணர்த்துவது எச்டிஎம்எல் என்னும் குறிமொழி. அவற்றின் நிறத்தையும் அளவையும் இடத்தையும் விதிப்பது சிஎஸ்எஸ். பயனரின் செயலுக்கேற்பப் பக்கத்தை மாற்றுவது ஜாவாஸ்கிரிப்ட். கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலம் போன்ற சிறு நகரங்களில் இம்மூன்றையும் கற்க முனையும் மாணவருக்கு எளிதில் எட்டும் வழி, காணொளிப் பாடத்தில் ஆசிரியர் எழுதும் நிரலை வரிக்கு வரி பார்த்தெழுதி, அதே பக்கத்தைத் தம் திரையிலும் தோன்றச் செய்வதாகும். இம்முறை எங்கே பயன்படுகிறது, எங்கே மாணவரைக் கைவிடுகிறது என்பது, கல்விக்கூடங்கள் இதுவரை அளித்ததைவிடக் கூடுதலான கவனத்துக்கு உரியது.

பார்த்தெழுதுவதைக் குறுக்குவழி என ஒதுக்குவது வலையின் வரலாற்றுக்கே பொருந்தாது. எந்தப் பக்கத்தின் மூல நிரலையும் எவரும் திறந்து படிக்கலாம் என்ற ஏற்பாடு உலாவிகளில் தொடக்கக் காலத்திலேயே அமைந்திருந்தது. சிஎஸ்எஸ் மொழியை ஹோகோன் வியம் லீ 1994-இல் முன்மொழிந்து, அது 1996-இல் தரநிலையான பிறகும், அதைப் பலர் கற்றது பிறர் பக்கங்களைத் திறந்து பார்த்தும் மாற்றிப் பார்த்தும்தான். 2006-இல் ஜோ ஹெவிட் வெளியிட்ட ஃபயர்பக் என்னும் கருவி, ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தின் விதிகளை அங்கேயே மாற்றி விளைவைக் காண வழிசெய்தது. இன்று கணினிக்கான முதன்மையான உலாவிகளில் உள்ள உருவாக்குநர் கருவிகளும் அதே வழியில் அமைந்தவை. ஒரு நிறத்தை மாற்றியவுடன் கண்ணெதிரே பக்கம் மாறுவது, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கணினியைத் தொடும் மாணவருக்குத் தரும் துணிவைப் பாடநூலின் இலக்கணத்தால் தர இயலாது. இத்துறையில் நுழைவதற்குப் பட்டமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை என்பதும் சிறிய நன்மையன்று.

தமிழில் கற்பதற்கான அடித்தளமும் இடப்பட்டிருக்கிறது. 2012-இல் தொடங்கிய கணியம் இதழும் அதன் வழி வெளிவந்த மின்னூல்களும், குறிப்பாக து. நித்யா எழுதிய எளிய தமிழில் எச்டிஎம்எல், எளிய தமிழில் சிஎஸ்எஸ் ஆகிய நூல்களும், எவரும் இலவசமாகப் பெற்றுப் பகிரும் உரிமத்தில் கிடைக்கின்றன. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாவதற்கு முன் எந்த மாவட்டத்தில் அடங்கியிருந்ததோ அந்த விழுப்புரத்தில், குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கணினிப் பயிற்சி அளிக்கின்றனர். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்தது. இவற்றுள் நூலும் நேரடிப் பயிற்சியும், காணொளி தராத ஒன்றைத் தருகின்றன: நின்று, மறுபடி பார்த்து, கேள்வி கேட்பதற்கான இடம்.

பார்த்தெழுதும் முறையின் முதன்மையான குறை, நுட்பத்தோடு அதன் மறைவான அனுமானங்களையும் மாணவர் அறியாமலே ஏற்றுக்கொள்வதாகும். பெரும்பாலான பாடங்கள் ஆங்கில எழுத்தையும் விரைவான இணையத்தையும் பெரிய திரையையும் மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. விண்ணப்பப் படிவம் ஒன்றில் ஊர்ப்பெயருக்கான கட்டத்தில் பன்னிரண்டு எழுத்துகளுக்கு மேல் ஏற்கக் கூடாது என விதிப்பதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கள்ளக்குறிச்சி என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக 12 எழுத்துகள். அது தடையின்றி உட்புகும். தமிழில் எழுதினால் கண்ணுக்குத் தெரிபவை 8 எழுத்துகளே எனினும், யூனிகோடு முறையில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனிக் குறியீடுகளாதலால் உலாவியின் கணக்கு 14 ஆகிறது. பெயர் கள்ளக்குறிச் என்று அறுந்து நிற்கிறது. சின்னசேலம் என்பதும் 6 எழுத்துகள், 10 குறியீடுகள். பார்த்தெழுதியவருக்கு இது கணினியின் பிழையாகத் தோன்றும். காரணம் அறிந்தவர், வரம்பைத் தளர்த்துவார் அல்லது ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துக்கூறுகளைப் பிரித்தெண்ண உதவும் இண்டல் செக்மென்டர் என்னும் வசதியைப் பயன்படுத்துவார். ஆங்கிலத்துக்கு அழகாயிருக்கும் நெருக்கமான வரியிடைவெளியில் தமிழின் மேல்விலங்கும் கீழ்விலங்கும் ஒன்றோடொன்று உரசுவதும், ஒட்டுகள் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்கள் அளவு குறித்த பொத்தானைவிட்டு வெளியே வழிவதும் இவ்வகைப்பட்டவையே. தமிழ்ப் பயனருக்காக உழைக்க வேண்டிய ஒருவர் இவற்றை ஒருமுறையேனும் எதிர்கொள்ளாமல் பயிற்சியை முடிப்பது வருந்தத்தக்கது.

காலாவதியான நுட்பங்கள் தொடர்வது இரண்டாவது குறை. எழுத்துருவுக்கான தனிக் குறிச்சொல்லை 1997-இலேயே எச்டிஎம்எல் தரநிலை கைவிடத்தக்கதென அறிவித்தது; பக்கத்தைக் கட்டங்களாகப் பகுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் 2017 முதல் முதன்மையான உலாவிகளில் கிடைக்கிறது. இருந்தும் ஓடும் எழுத்தும் அட்டவணையால் அமைத்த பக்கமும் பழைய பாடக்குறிப்புகளிலிருந்து இன்னும் நகலெடுக்கப்படுகின்றன. இவற்றைவிடக் கேடானது, பொத்தானுக்கென்றே உள்ள குறிச்சொல்லை விட்டுவிட்டு வெறும் பெட்டியை வண்ணமிட்டுப் பொத்தான்போல் காட்டுவதாகும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் பொத்தானென்று அறியாது. தோற்றம் ஒத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கற்பிக்கும் முறையில் இத்தவறு கண்ணிலேயே படுவதில்லை.

சின்னசேலம், கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர் வட்டங்களில் செய்யப்படுவதும் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றதுமான கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலையிலும் பயில்வோர் முன்னோர் வடித்ததைப் பார்த்தே செதுக்கத் தொடங்குகின்றனர். ஆனால் அருகில் இருக்கும் ஆசான், உளி பிசகும் இடத்தில் கையைப் பிடித்துத் திருத்துகிறார், அளவின் காரணத்தையும் சொல்கிறார். காணொளியில் நகல் மட்டும் நிகழ்கிறது, திருத்தம் நிகழ்வதில்லை. கேட்டவுடன் முழு நிரலையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின், விரல்களால் தட்டெழுதும்போது தற்செயலாக மனத்தில் படியும் சிறு அறிவும் நழுவும் நிலை உருவாகியுள்ளது. ஆகவே குறை பார்த்தெழுதுவதில் இல்லை. எழுதியதை ஒருவர் பார்த்து, ஏன் இவ்வாறு என்று வினவாமல் விடுவதிலேயே உள்ளது. இலவசப் பயிற்சிகளுக்குச் செலவிடும் நிதியில் ஒரு பங்கு, பாடங்களைப் பெருக்குவதற்கு மாறாக மாணவர் நிரலைப் படித்துத் திருத்தும் பயிற்றுநர்களுக்குச் செல்வதே தக்கது.

கருவி பற்றிய வினாவும் இதனோடு பிணைந்தது. செல்பேசியில் பாடத்தைப் பார்க்கலாம். உருவாக்குநர் கருவிகளைத் திறந்து ஆராய்வது அதில் பெரும்பாலும் இயலாது. 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் இக்குறையை நேரடியாகத் தீர்த்த ஒன்று. இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. ஆனால் நிரல் கற்போர் நோக்கில் அவ்விரண்டும் சமமானவையல்ல. படிப்பதற்குக் கைக்கணினி போதும், ஆக்குவதற்கு மடிக்கணினி வேண்டும்.

மடிக்கணினி கையிலிருந்தால், பயிற்சிக்கான பொருளைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அயல்நாட்டு உணவகத்தின் கற்பனைப் பக்கத்தை நகலெடுக்கும் நேரத்தில், உள்ளூர் மரச்சிற்பிகளின் படைப்புகளைக் காட்டும் பக்கம் ஒன்றை மாணவர் தமிழில் அமைக்கலாம்: படங்களின் அளவைக் குறைக்கவும், ஒவ்வொரு படத்துக்கும் திரைவாசிப்பானுக்கான விவரிப்பு எழுதவும், நீண்ட தமிழ்ப் பெயர்கள் சிறிய திரையில் மடிந்து அமையச் செய்யவும் அதில் கட்டாயம் நேரும். அலைவரிசை நலிந்த கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் அப்பக்கம் எவ்வளவு நேரத்தில் திறக்கும் என்பதை, உலாவியின் உருவாக்குநர் கருவிகளிலேயே இணைய வேகத்தைக் குறைத்துவைத்து ஏறத்தாழ அறியலாம். அதன் பின் அதே பக்கத்தை அம்மலையிலுள்ள வெள்ளிமலையில் ஒரு விலைகுறைந்த செல்பேசியில் திறந்து பார்த்து, இரண்டு அளவீடுகளும் ஏன் வேறுபடுகின்றன என்று எழுதச் சொல்வது, எந்தச் சான்றிதழ்த் தேர்வும் இன்று கேட்காத கேள்வி.