ஒருவரை நம்பிய பேண்ட்

சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் கச்சேரியைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது கான்ராட் ஜான்சனுக்கு வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. ஹூஸ்டன் நகரில், பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்த கேஷ்மியர் உயர்நிலைப் பள்ளியின் பேண்ட் மாஸ்டர் அவர். மற்றப் பள்ளிகளின் ஜாஸ் குழுக்கள் பழைய நடன இசையை ஒழுங்காக வாசித்துவிட்டு மேடையிறங்கிக்கொண்டிருந்த காலம். அந்தக் கச்சேரியின் தாக்கத்தில் ஜான்சன் தம் பிள்ளைகளை ஃபங்க் இசை வாசிக்கவைத்தார்; வாசித்தபடியே ஆடவும் வைத்தார். 1969 முதல் 1977 வரை 46 போட்டிகள். அவற்றில் 42இல் கேஷ்மியர் ஸ்டேஜ் பேண்டுக்கே வெற்றி.

அவரைப் பற்றிய பேச்சில் இந்த 42தான் முதலில் வருகிறது. அவரை அளக்க அது போதாது. போட்டி, நேரத்துக்கு வரவும் பக்கத்து வாத்தியத்தைக் கேட்டு வாசிக்கவும் பழக்கும், உண்மைதான். ஆனால் டெக்சஸில் நடுவர்முன் வாசிக்க வேண்டிய மூன்றே உருப்படிகளை மாதக்கணக்கில் தேய்க்கும் பள்ளிகளும் உண்டு. உருப்படி மெருகேறும், புது இசைத்தாளை நீட்டினால் பிள்ளை திணறும். முன்பின் பார்த்திராத தாளை வாசிக்கும் சுற்று ஒன்றும் அந்தப் போட்டிகளில் இருப்பது நல்ல ஏற்பாடு.

ஜான்சனின் பெரிய செயல், பிள்ளைகளை ஒலிப்பதிவுக்கு உட்காரவைத்ததுதான். எட்டு ஆல்பங்கள், அவற்றில் அவரே இசையமைத்த உருப்படிகள். மேடையில் சறுக்கினால் கைதட்டலில் அமுங்கிவிடும், டேப்பில் அமுங்காது. அந்தப் பதிவுகளை இன்று கேட்டாலும் பிள்ளைகளின் துல்லியம் தெரிகிறது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் தாளத்தை இறுக்கிப் பிடிக்க, டிரம்பெட்டும் டிரோம்போனும் ஒரே வெட்டாக நுழைகின்றன. நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மூச்சுகூட மிஞ்சுவதில்லை. 2006இல் நவ்-அகெய்ன் இசைத்தட்டு நிறுவனம் அவற்றைத் தொகுத்து வெளியிட்டபோது புதிய தலைமுறை தேடிக் கேட்டது இந்த இறுக்கத்துக்காகத்தான்.

குறையும் அங்கேயேதான் இருந்தது. இசையும் அவருடையது, கண்டிப்பும் அவருடையது; எல்லாம் அவர் ஒருவரையே நம்பியிருந்தது. 1941இல் தொடங்கிய ஆசிரியப் பணியிலிருந்து 1978இல் அவர் ஓய்வு பெற்றபின் கேஷ்மியர் அந்த உயரத்தை மறுபடி எட்டவில்லை.

இதை அவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. அவருக்கு அடுத்து வருபவரைத் தயார்செய்வதும், வாத்தியங்களுக்குப் பணம் ஒதுக்குவதும் நிர்வாகத்தின் வேலை. நல்ல வாத்தியார் ஒருவர் கிடைத்துவிட்டால் நிர்வாகங்கள் அந்த வேலையையும் அவர்மேலேயே போட்டுவிடுகின்றன.

2008 தொடக்கத்தில் பழைய மாணவர்கள் கூடி, 92 வயது ஜான்சனுக்காக வாசித்தார்கள். அதன்பின் சில நாட்களிலேயே அவர் காலமானார். மார்க் லாண்ட்ஸ்மனின் 'தண்டர் சோல்' ஆவணப்படம் இதைப் பதிவுசெய்திருக்கிறது. பல்லாண்டுகளாக வாத்தியத்தைத் தொடாதவர்களும் அந்த மாணவர்களில் இருந்தார்கள். கொஞ்ச நாள் ஒத்திகையில் மறுபடி சேர்ந்து வாசிக்க முடிந்தது என்றால், அது ஜான்சன் போட்ட அடித்தளம். ஆனால் இத்தனை நன்றாகக் கற்றவர்களின் வாத்தியம் ஏன் அவ்வளவு காலம் பெட்டிக்குள் கிடந்தது? பள்ளி முடிந்தபின் சேர்ந்து வாசிக்க இடமும் குழுவும் வேண்டாமா? மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி பேண்ட் அறையைப் பழைய மாணவர்களுக்குத் திறந்துவிடுவதிலிருந்து தொடங்கலாம்; அதற்குப் பெரிய செலவும் இல்லை.