கீழாநெல்லி இன்னும் ஆமணக்குக் குடும்பத்திலா?

தருமபுரி மாவட்ட மூலிகைகள் பற்றி இணையத்தில் வரும் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது என் வழக்கம். யூஃபோர்பியேசி, அதாவது ஆமணக்குக் குடும்பம் என்றதும் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான்: ஆமணக்கு, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, நெல்லி.

கடைசி இரண்டும் இப்போ அந்தக் குடும்பத்திலேயே இல்லை. சென்னை மாகாணத் தாவரங்கள் பற்றிய கேம்பிளின் நூல் (1915–1936) அவற்றை அங்கே வைத்தது. அது அந்தக் காலத்து அறிவு. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அவை ஃபில்லாந்தேசி என்ற தனிக் குடும்பம். ஆய்வுக்கூடம்கூட வேண்டாம், காயை உடைச்சுப் பாருங்க: ஆமணக்கில் அறைக்கு ஒரு விதை, கீழாநெல்லியில் இரண்டு. பார்க்காமலே நகல் எடுக்கிறோம் என்பதுதான் என் குறை.

"குடும்பம் மாறினா மருந்து மாறுமா?" மாறாது. ஆனால் ஆமணக்குக் குடும்பம் என்ற பெயரில் ஓர் எச்சரிக்கையும் இருக்கு. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆமணக்கு விதையின் ரிசின் நஞ்சு எண்ணெயில் இறங்காது, பிண்ணாக்கில் தங்கும். காட்டாமணக்கு விதையைத் தின்ற பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் விளையும் மரவள்ளியும் இதே குடும்பம். அதன் இலையை ஆடு மாடு அதிகம் மேய்ந்தால் சயனைடு நஞ்சேறிச் சாகும்.

அந்தக் கட்டுரைகளில் பயன் பத்து வரி. நஞ்சு பற்றி ஒரு வரிகூட இல்லை. மூலிகைன்னா கெடுதல் இல்லைன்னு நம்பிப் படிக்கிறவருக்கு, விடுபட்ட அந்த ஒரு வரிதான் முதலில் வேணும்.